அம்பாசிடர் டிரைவர் கதவு தொங்குது, தூக்கி அடைச்சாத்தான் லாக் விழுது – கீல் பின் மட்டும் மாத்த முடியுமா?

உசிலம்பட்டி மார்க்4:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். அப்பா வச்சிருக்க 86 மாடல் அம்பாசிடர் மார்க் 4, இன்னும் நல்லா ஓடுது, மதுரைக்கு கல்யாணம் காச்சின்னா இந்த வண்டிதான். இப்ப டிரைவர் கதவு தொங்குது. தொறந்தா வால் பக்கம், அதான் கைப்பிடி இருக்க ஓரம், கீழ எறங்குது, அடைக்கும்போது கையால தூக்கிப் புடிச்சு அடைச்சாத்தான் லாக் விழுகுது, கீழ படியில பெயிண்ட் உரசி தகரம் தெரியுது, மழைக்கு மேல் மூலையில தண்ணி வேற வருது. இங்க ஒரு பட்டறையில காட்டுனேன், பில்லர்ல (கதவுக்கு முன்னாடியும் பின்னாடியும் நிக்கிற தூண்) லாக் போய் மாட்டுற ஸ்ட்ரைக்கர கீழ எறக்கி வச்சு குடுத்தாங்க, கொஞ்ச நாள் சரியா இருந்துச்சு, மறுபடி அதே கதைதான், இப்ப நாலு வழிச்சாலையில போனா காத்து சத்தமும் சேந்துருச்சு. இன்னொருத்தர் கீல வெல்டு வச்சு டைட் பண்ணிரலாம்ங்கிறாரு, எனக்கு மனசு ஒப்பல. புது கீல் எங்கயும் கெடைக்கல. அப்பாவுக்கு இந்த வண்டி மேல அம்புட்டு உசுரு, கண்டபடி கை வச்சு கெடுத்துறக் கூடாதுன்னு பாக்குறேன். பின்னு, அதச் சுத்தி இருக்க வளையம் புஷ்ஷு, இது மட்டும் மாத்த வழி இருக்கா? மதுரையில இத யார்ட்ட குடுக்குறது?

புதூர் லேத்:
தம்பி, வெல்டு மட்டும் வச்சுறாத. சூட்டுல கீல் வளைஞ்சா மேல ஓட்டையும் கீழ ஓட்டையும் ஒரே நேர்ல நிக்காது, அப்பறம் எந்தப் பின்னப் போட்டாலும் சுத்தாம இறுகிப் புடிக்கும். ஸ்ட்ரைக்கர எறக்குனதும் தப்பான வைத்தியம்தான். ஸ்ட்ரைக்கரோட வேலை வந்த கதவப் புடிச்சு வைக்கிறது, தொங்குன கதவத் தாங்குறது இல்ல.

மொதல்ல எது தேஞ்சிருக்குன்னு பாரு. கதவப் பாதி தொறந்து வச்சுக்க, நீ வால் பக்கத்துல கைய குடுத்து மேலயும் கீழயும் ஆட்டு, இன்னொரு ஆள டார்ச் அடிச்சு கீல மட்டும் பாக்கச் சொல்லு. பின்னுக்கும் அது நுழையுற கீல் கண்ணுக்கும் நடுவுல அசைவு தெரிஞ்சா தேய்மானம். கீலோட இலை, அதான் ஸ்க்ரூ போட்டிருக்க தட்டு, முழுசா பில்லர்ல அசைஞ்சா ஸ்க்ரூ லூசு. பில்லர் தகரமே உள்ள வெளிய போய்ட்டு வந்தா துரு, அது லேத் வேலை இல்ல, தகரம் தட்டுற டிங்கர் வேலை. பெரும்பாலும் மேல் கீல்தான் மொதல்ல போகும், கதவோட கனம் அத வெளிய இழுத்துக்கிட்டே இருக்கும், கீழ் கீல் உள்ள அமுங்குதுல்ல. அதுலயும் டிரைவர் கதவு எறங்கி ஏறும்போது ஆள் கைய ஊண்டுற கதவு, தேயாம என்ன செய்யும்.

பின் மட்டும்னா கண்டிப்பா செய்யலாம். கீலக் கழட்டிக் கொண்டாந்தா வெர்னியர் வச்சு ஓட்டைய ரெண்டு தெசையிலயும் அளப்போம், தேஞ்ச ஓட்டை வட்டமா இருக்காது, முட்டை மாதிரி இழுபட்டிருக்கும். அதுக்குள்ள பழைய சைஸ்லயே புதுப் பின் போட்டா ஒரு பிரயோசனமும் இல்ல. வழி ரெண்டு. ஒண்ணு, ரீமர் (ஓட்டையச் சீவி வட்டமாக்குற கருவி) விட்டு ஓட்டைய வட்டமாக்கி, அதுக்குத் தக்க பருமனா பின் கடஞ்சு போடுறது. இன்னொண்ணு, கண்ணுல சதை நெறைய இருந்தா ஓட்டையப் பெருசாக்கி கன்மெட்டல் (ஒரு வெண்கல வகை) புஷ் அடிச்சு பழைய சைஸ் பின்னே போடுறது. நான் ரெண்டாவதத்தான் சொல்வேன், நாளைக்கு மறுபடி தேஞ்சாலும் புஷ்ஷுதான் தேயும், அதத் தட்டி எடுத்துட்டு வேற போட்டுக்கலாம், கீல் பொழச்சுக்கும். ஒண்ணு கவனி, புஷ் அடிச்சு ஏத்துனா உள் ஓட்டை கொஞ்சம் சுருங்கும், அதனால ஏத்துன பெறகுதான் கடைசி ரீமர் விடணும், அதுவும் ரெண்டு கண்ணுக்கும் ஒரே ஓட்டத்துல. பின்னுக்கு ஈஎன்8 இல்லைன்னா சில்வர் ஸ்டீல்னு உறுதியான எஃகாக் கேளு, சாதா எம்எஸ் (மெது இரும்பு) ராடு வேணாம். கே.புதூர் எஸ்டேட்லயும் கப்பலூர்லயும் லேத்துக்குப் பஞ்சமே இல்ல, சின்ன வேலைன்னு யோசிக்காம பழைய பின்னையும் கையோட எடுத்துட்டுப் போ.

அவனியாபுரம் டிங்கர்:
லேத் அண்ணன் சொன்னது சரி. நான் கதவு பக்கம் சொல்றேன். கேப்பப் பாருங்க தம்பி. மேல் கீல் தேஞ்சா ஃபெண்டருக்கும் கதவுக்கும் நடுவுல மேல கேப்பு விரியும், பின்னாடி நடு பில்லர் பக்கம் மேல கேப்பு நெருங்கும். ஒங்களுக்கு மேல் மூலையில தண்ணி வருதுன்னா பீடிங் ரப்பர்ல கதவு சரியா ஒக்காரலன்னு அர்த்தம், ரப்பர மாத்தி காசத் தொலைக்காதீங்க, மொதல்ல கதவு நேரா வரட்டும்.

கழட்டும்போது கதவத் தொறந்து அடியில ஜாக்கி, அது மேல மரக்கட்டை, அது மேல கோணிய மடிச்சுப் போட்டு கனத்தத் தாங்கி வச்சுட்டு ஸ்க்ரூவுல கை வைங்க. அதுக்கு முன்னாடி கீலச் சுத்தி ஆணியால கோடு போட்ருங்க, திரும்ப மாட்டும்போது அந்தக் கோடுதான் வழிகாட்டி. ஒரு நேரத்துல ஒரு கீல்தான், ரெண்டையும் ஒண்ணாக் கழட்டுனா கதவ ஒக்கார வைக்கிறதுக்குள்ள பொழுது போயிரும். சில பழைய வண்டில ஸ்க்ரூ புடிக்கிற தட்டு பில்லருக்குள்ள சும்மா நிக்கும், எல்லா ஸ்க்ரூவையும் எடுத்தா உள்ள விழுந்துரும், ஒரு கம்பியக் குடுத்துப் புடிச்சுக்கங்க. ஸ்க்ரூ வரலைன்னா ஸ்க்ரூடிரைவர வச்சு மல்லுக்கட்ட வேணாம், தலை வழிஞ்சிரும், இம்பேக்ட் டிரைவர வச்சு சுத்தியால அடிங்க.

கட்டைய கதவு இடுக்குல குடுத்து நெம்பி நேராக்குறதப் பாத்திருப்பீங்க, தேஞ்ச பின்ன வச்சுக்கிட்டு அத யாரையும் செய்ய விடாதீங்க, கதவு தகரம் மடங்கும், கீல் பக்கத்துல பெயிண்ட் வெடிக்கும், அங்கிருந்துதான் துரு ஏறும்.

உசிலம்பட்டி மார்க்4:
ரெண்டு அண்ணன்களுக்கும் ரொம்ப நன்றி. ஆட்டிப் பாத்தாச்சு. மேல் கீல்ல பின்னு நல்லாவே ஆடுது, கண்ணுக்குக் கீழ செவப்பும் கருப்புமா பொடி கலந்த பழைய கிரீஸ் வழிஞ்சு காஞ்சு கெடக்கு. கீழ் கீல் லேசா. பில்லர் அசையல, அதுவே பெரிய நிம்மதி. ஆனா வண்டியில வச்சே பின்னத் தட்டிப் பாத்தேன், அசைய மாட்டேங்குது. கேஸ் வச்சு சூடு பண்ணலாமா?

புதூர் லேத்:
வண்டியில வச்சு கேஸ் வேணவே வேணாம், பெயிண்டும் போயிரும், உள்ள பஞ்சு, ரெக்ஸின் எல்லாம் தீப்புடிக்கிற சாமான். கீலோட கழட்டிக் கொண்டா, இங்க பிரஸ்ல தள்ளிரலாம். பின்னு ஒரு இலையில டைட்டா நிக்கணும், இன்னொரு இலையிலதான் சுத்தணும். சில பின்னுக்கு ஒரு முனையில நர்லிங், அதான் புடிப்புக்குப் போட்ட சொரசொரப்பு வரி, இருக்கும், அப்படி இருந்தா நர்லிங் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாத்தான் வெளிய தள்ளணும், மாத்தி அடிச்சா நல்லா இருக்க கண்ணையும் கிழிச்சிரும். ரெண்டு கீலையும் சேத்தே செஞ்சிரு தம்பி, மேல மட்டும் டைட் பண்ணிட்டு கீழ விட்டா கதவு அடைக்கும்போது முறுக்கும்.

அவனியாபுரம் டிங்கர்:
மாட்டுன பெறகு ஸ்ட்ரைக்கர முழுசாக் கழட்டி வச்சுட்டு கதவ மெதுவா அடைச்சுப் பாருங்க, அதுவா எங்க வந்து நிக்குதோ அதான் கதவோட உண்மையான எடம். இன்னும் துளி எறக்கம் இருந்தா பில்லர் முகப்புல கீழ் கீலுக்குப் பின்னாடி சன்னமா ஒரு ஷிம் (மெல்லிசு தகடு) வைங்க, வால் பக்கம் தூக்கும். எல்லாம் சரியான பெறகு கடைசியா ஸ்ட்ரைக்கர மாட்டுங்க.

சோழவந்தான் ஃபியட்:
என் பத்மினி காருக்கும் இதே புஷ் வேலைதான் செஞ்சு ஓடுது, தைரியமா எறங்குங்க தம்பி. ரெண்டு விசயம் சேத்துக்கிறேன். நம்ம ஊர் புழுதிக்கு கீல் வெளிய கிரீஸ அப்பி வைக்கக் கூடாது, மண்ணு ஒட்டி அதுவே அரம் மாதிரி பின்ன அராவும், நீங்க பாத்த கருப்புப் பொடி அதான். மாட்டும்போது உள்ள கிரீஸ் தடவுங்க, அதுக்கப்பறம் அப்பப்ப துணியால தொடச்சுட்டு என்ஜின் ஆயில் ரெண்டு சொட்டு விட்டு கதவ ஆட்டி விடுங்க, வழியிறதத் தொடச்சிருங்க, போதும். இன்னொண்ணு, கதவ ஒரு அளவுக்கு மேல தொறக்க விடாம புடிக்கிற பட்டை நல்லா இருக்கான்னு பாருங்க, அது அறுந்து போயிருந்தா காத்துக்கு கதவு அகலத் தொறந்து கீல்லயே போய் மோதும், புதுப் புஷ்ஷும் தாங்காது. கதவு அடியில தண்ணி போற ஓட்டையையும் குச்சி விட்டுக் குத்தி விடுங்க, அது அடைச்சா தண்ணி உள்ள நின்னு கதவு கனக்கும், அடித்தகரமும் துருப்புடிக்கும்.

உசிலம்பட்டி மார்க்4:
பட்டை பாதி கிழிஞ்சுதாண்ணே இருக்கு, இத யாருமே சொல்லல. அதையும் சேத்து மாத்திட்டு, ரெண்டு கீலையும் ஒவ்வொண்ணாக் கழட்டிக்கிட்டு புதூருக்கே வாரேன்.