சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்த அக்கா

1991-ல் எனக்கு ஒன்பது வயது. புதுக்கோட்டை மாவட்டத்தில் குடுமியான்மலைப் பக்கம் எங்கள் ஊர். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நேரம். அறிவொளி இயக்கம் எங்கள் பக்கம் அப்போதுதான் சூடு பிடித்தது. படித்த பிள்ளைகள் சம்பளம் இல்லாமல் தொண்டர்களாகச் சேர்ந்து, பொழுது சாய்ந்த பிறகு பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் தெருப் பெண்களுக்கு அப்படி வந்தவர் காலனியைச் சேர்ந்த ஒரு பெண். பன்னிரண்டாவது முடித்திருந்தார், பத்தொன்பது வயது இருக்கும். அவர் வீட்டாரைக் கேட்காமல் பெயரை எழுத மனம் வரவில்லை. அக்கா என்றே சொல்கிறேன்.

அப்போது நாங்கள் அப்படிக் கூப்பிட்டதில்லை. காலனி ஆட்கள் எவ்வளவு மூத்தவர்களாக இருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு அவர் செய்ததைச் சொல்ல முடியாது.

பால்வாடி வராந்தாவில், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வகுப்பு. முதல் நாள் போனது என் அம்மாவும் சித்தியும் மட்டும்தான். இரண்டு பேரும் கல் குவாரியில் ஜல்லி உடைத்தவர்கள். நாள் முழுக்கச் சுத்தியல் பிடித்த கைக்குப் பலப்பம் நிற்காது, நழுவிக்கொண்டே இருக்கும். அக்கா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து 'பட்டா' என்று எழுதிக் காட்டினார். அம்மா எழுத்தைப் பார்க்காமல், "நம்ம கொல்லைக்குப் பட்டா யாரு பேர்ல இருக்கு?" என்று கேட்டாராம். "அதை நீங்களே படிச்சுப் பாக்கத்தானக்கா இது" என்றாராம் அவர். ஒரு மாதத்தில் வகுப்புக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

தண்ணீர் விஷயம்தான் எனக்கு மறக்காதது. வகுப்பு முடிந்து தாகத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தால், அப்பத்தா சொம்பைத் தூக்கிப் பிடித்துக் கையில் ஊற்றப் போகும். அக்கா கையை நீட்டவே மாட்டார். "தாகமில்ல ஆத்தா" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் அம்மா காரணம் கேட்டதற்கு, "டம்ளர்ல குடுத்தா குடிக்கிறேங்க்கா. இல்லாட்டி வேணாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் அதிலிருந்து அவர் இறங்கி வரவும் இல்லை. மறுநாளும் வந்து பாடம் நடத்தினார்.

அப்புறம் சைக்கிள் வந்தது. பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழக வேண்டும் என்று அறிவொளிக்காரர்கள் மாவட்டம் முழுக்கக் கிளம்பினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலரும் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். பழகிய உங்களுக்குத் தெரியும், சைக்கிள் சொல்லிக்கொடுப்பவர் தள்ளி நிற்க முடியாது. ஒரு கையில் சீட்டையும் ஒரு கையில் ஹேண்டில்பாரையும் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும். சாய்ந்தால் இடுப்பைப் பிடித்துத் தாங்க வேண்டும். கையில் தண்ணீர் ஊற்றும் தெருவில், எல்லோரும் பார்க்க, அக்கா என் அம்மாவைத் தாங்கிப் பிடித்தார். விழுந்தபோது இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்தார்கள். அம்மாவின் முழங்கால் ரத்தத்தை அக்கா தன் தாவணி முனையால் துடைத்தார். திண்ணையில் இருந்த பெரியவர்கள் எழுந்து உள்ளே போனார்கள்.

அன்று வீட்டுக்குள் வந்த அம்மா, நாங்கள் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் எடுத்துப்போய் அக்காவிடம் கொடுத்தார். என்னைப் பார்த்து, "இனிமே அக்கான்னு கூப்பிடு" என்றார். அப்பத்தா அந்த டம்ளரைப் பல நாள் தொடவில்லை. வீட்டில் சண்டைதான். ஆனால் அம்மா அதையேதான் ஒவ்வொரு சாயங்காலமும் எடுத்தார்.

1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை டவுனில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் போனார்கள். ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு. அம்மா தம்பியை முன்பாரில் உட்கார வைத்து ஓட்டினார். பக்கத்தில் அக்கா. நான் ரோட்டோரம் கூட்டத்துக்குள் நின்று "அக்கா, அக்கா" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தாரா என்று இன்றுவரை தெரியாது.

நாலு வருடம் கழித்து மஞ்சள் காமாலையில் போய்விட்டார். சேதி கேட்டதும் அம்மா யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்தார். அதுதான் அவர் காலனிக்குள் போன முதல் தடவை. எங்கள் வீட்டுக்கும் காலனிக்கும் இடையில் ஒரு வாய்க்கால் மட்டும்தான்.

அம்மாவுக்கு இப்போது எழுபதை நெருங்குகிறது. "அவ மொகம் மங்கிக்கிட்டே போகுதுடா" என்று போன வாரம் சொன்னார். எங்களிடம் அக்காவின் படம் ஒன்றுகூட இல்லை. அந்த மகளிர் தின ஊர்வலத்தில் எடுத்த போட்டோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நீலத் தாவணி, ரெட்டைச் சடை, ஜென்ட்ஸ் சைக்கிள். அவர் பக்கத்தில் முன்பாரில் ஒரு சின்னப் பையனோடு பச்சைப் புடவையில் இருப்பவர் என் அம்மா.