சிறுநகரத்துப் பழைய செங்கல் கடைகளுக்கு என்ன பாரம்பரிய மதிப்பு?

கேள்வி:
ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்நாட்டுச் சிறுநகரம் ஒன்றில் இருக்கிறேன். பிரதான தெருவில் மூன்று செங்கல் கடைகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. முன்பக்கம் முழுக்க பெயின்ட், அலுமினியச் சட்டம். பின்சந்துக்குள் போனால்தான் பழைய சுவர் தெரிகிறது. கல்லுக்குக் கல் நிறம் வேறு. ஒரு செங்கல்லில் கட்டைவிரல் பதிந்த தடமே இருக்கிறது. என் விரலை வைத்துப் பார்த்தேன், அது என் விரலைவிடச் சின்னது. இடித்துவிட்டு கார் நிறுத்த இடம் விடப் போவதாகப் பேச்சு. "பெரிய மனிதர் யாரும் அங்கே வாழவில்லை, இதில் என்ன பாரம்பரியம்?" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில் 1:
பழைய சுவர்களுக்குச் சுண்ணாம்பு வேலை செய்கிறவன் நான். நீங்கள் பார்த்தது கையால் அச்சில் அறுத்த செங்கல். மரஅச்சில் மணல் தூவி, குழைத்த மண்ணை அடித்து இறக்குவார்கள். ஈரம் காயுமுன் தூக்கி வைத்தவரின் விரல்தான் அது. உதிர்ந்த கல் கிடைத்தால் மேல்முகத்துக் குழியைப் பாருங்கள். இதயம், வைரம் போன்ற வடிவங்கள்கூட உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரத்தில் அழுத்திய செங்கல் வந்ததும் இதெல்லாம் குறைந்துபோனது.

ரயில் வருமுன் செங்கல்லை வண்டியில் வெகுதூரம் கொண்டுபோவது கட்டுப்படியாகாது. அதனால் பெரும்பாலும் ஊருக்குப் பக்கத்திலேயே மண் எடுத்துச் சுட்டார்கள். அப்படியானால் அந்தச் சுவர் உங்கள் ஊர் மண். முதல் கடைகள் பலகையிலும் மரப்பட்டையிலும் எழுந்தவை. அப்புறம் ஒருவர் செங்கல்லில் கட்டினார் என்றால், இந்த ஊர் நிலைக்கும் என்று நம்பிப் பணம் போட்டார் என்று அர்த்தம். மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

"பெரிய மனிதர்" வாதத்துக்கும் பதில் உண்டு. இந்த மாநிலத்தில் பாரம்பரிய மதிப்பை ஏழு அளவுகோல்களால் பார்க்கிறார்கள். ஒருவரோடோ ஒரு குழுவோடோ உள்ள தொடர்பு அதில் ஒன்றுதான். அரிதானதா, தன் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டா, ஆராய்ந்தால் புதிதாக ஏதாவது தெரியவருமா என்பவையும் அதே எடையுள்ளவை.

பதில் 2:
முதலில் நகரமன்றத்தின் உள்ளூர்த் திட்டத்தில், பாரம்பரிய இடங்களைப் பட்டியலிடும் 5-ஆம் அட்டவணையைப் பாருங்கள், கடைகள் அதில் இருக்கலாம். இல்லாவிட்டாலும், 1977 பாரம்பரியச் சட்டப்படி இடைக்காலத் தடையாணை கேட்க வழி இருக்கிறது. பழைய தெருப்படங்களையும் தேடுங்கள். கார்கள் பெருகிய பிறகு பல ஊர்களில் கடைமுன் வராண்டாத் தூண்களை எடுத்துவிட்டார்கள். உங்கள் முகப்பும் அப்படி மாறியிருக்கக்கூடும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒரு கடையின் பக்கச்சுவரில் இடைவெளிகளுக்குச் சிமென்ட் அடைத்திருக்கிறார்கள். அது பரவாயில்லையா?

பதில் 1:
இல்லை, மேற்கொண்டு அடைக்க விடாதீர்கள். பழைய செங்கல் மென்மையானது, ஈரத்தைக் குடித்து வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்து அதற்கு வழிவிடும், சிமென்ட் விடாது. ஈரமும் உப்பும் கல்லுக்குள்ளேயே தங்கி, கல்லின் முகத்தையே தள்ளிவிடும். ஏற்கெனவே அடைத்ததை இயந்திரம் வைத்து அறுக்கவும் வேண்டாம், கல்லின் ஓரம் போய்விடும். பழகிய கை உளியால் பார்த்து எடுக்க வேண்டிய வேலை அது.

கேட்டவர்:
இன்று மாலை போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. செங்கல் உள்வாங்கிப்போய், சிமென்ட் கோடுகள் மட்டும் தேன்கூடு போலத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அடியில் ஒரு கை சிவப்புப் பொடி. விரல்தடம் உள்ள கல் பின்சுவரில் பத்திரமாக இருக்கிறது, படம் எடுத்துவிட்டேன். காலையில் நகரமன்றத்துக்குப் போகிறேன்.