கேபினெட் முன்பக்க வயர்களைப் புதிய மதர்போர்டில் இணைப்பது எப்படி?

வீரவநல்லூரில் எங்கள் கடையில் பில் போடும் கணினி, 2013இல் வாங்கிய கம்பெனி மாடல். மதர்போர்டு பழுதானதால், அதே மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசசரை வைத்து, எச்61 சிப்செட் போர்டு ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். பவர் சப்ளை வழக்கமான 24 பின் கொண்டது. அதில் சிக்கல் இல்லை.

முன்பக்கத்திலிருந்து வரும் வயர்கள் அனைத்தும் ஒரே பிளக்கில் முடிகின்றன. புதிய போர்டில் இந்த வயர்களுக்கான பின் வரிசையில் பத்தாவது பின் இல்லை; பிளக்கில் அடைபட்ட துளையோ வேறிடத்தில் இருப்பதால், அது அமரவே இல்லை. அந்த வரிசையில் பவர் பட்டனுக்கான 6, 8 பின்களை ஸ்குரூடிரைவர் நுனியால் தொட்டால் கணினி உடனே இயங்கி, விண்டோஸ் வரை வந்துவிடுகிறது. பட்டனை அழுத்தும்போது மல்டிமீட்டரில் ஒலி எழுப்பும் இரு வயர்களைக் கண்டறிந்து, பிளக்கின் சிறு நாக்கை ஊசியால் நெம்பிக் கழற்றி, அந்தப் பின்களில் செருகியதில் பட்டன் வேலை செய்கிறது. திருநெல்வேலி ஜங்ஷனில் விசாரித்தபோது கேபினெட்டையே மாற்றச் சொன்னார்கள். ஒரு விளக்குக்காக அது வீண் செலவு.

மீதமிருப்பது பவர் விளக்கின் இரு வயர்கள் மட்டுமே. பழைய போர்டில் அது வெள்ளையாக எரியும், கோளாறு வந்தால் ஆரஞ்சு நிறத்தில் மின்னும். மீட்டரை டயோடு அளவில் வைத்தால் ஒரு திசையில் மங்கலாக ஆரஞ்சு தெரிகிறது; மறுதிசையில் ஒன்றுமில்லை. 9ஆவது பின்னில் 5 வோல்ட் வரலாம் என்பதால் ஊகத்தில் செருக விரும்பவில்லை.

ஆரஞ்சு தெரியும் திசைக்கு நேர்மாறாக, மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் சேர்க்காமலே இந்த வயர்களைப் பவர் விளக்குக்கான 2, 4 பின்களில் இணைக்கலாமா?