ரேஸ் காரில் பாலிகார்பனேட் முன்கண்ணாடி: போல்ட்டா, ரிவெட்டா?

பிட்லேன்: கண்ணாடியைக் கழற்றிவிட்டு 5 மி.மீ. பாலிகார்பனேட் (கண்ணாடி போலத் தெளிவான, உறுதியான பிளாஸ்டிக்) ஷீட் மாட்டப் போகிறேன். பாப் ரிவெட் (ஒரு பக்கமிருந்தே அடித்து விரிய வைக்கும் ஆணி) அடித்தால் போதுமா?

டர்போ: வேண்டாம் தம்பி, ரிவெட் விரியும்போது ஓட்டையின் ஓரத்தை நெருக்கும், விரிசல் அங்கேதான் தொடங்கும். பிரேமில் ரிவ்நட் (ஓட்டையில் பதிக்கும் மரையுள்ள நட்) வைத்து எம்5 (5 மி.மீ.) பட்டன் ஹெட், அதாவது உருண்டைத் தலை போல்ட் போடுங்கள், அடியில் அகலமான வாஷரும் ரப்பர் வாஷரும். கவுண்டர்சங்க் தலை (ஓட்டைக்குள் இறங்கி உட்காரும் கூம்புத் தலை) கூடவே கூடாது, ஆப்பு மாதிரி பிளந்துவிடும். அப்புறம் ஷீட்டில் ஓட்டை 8 மி.மீ. இருக்கட்டும்: 1.3 மீட்டர் ஷீட் 30 டிகிரி சூடேறினால் சுமார் 2.5 மி.மீ. நீளும்.

கிளட்ச்: திரேட்லாக்கர் திரவம் (போல்ட் தளராமலிருக்க மரையில் விடும் பசை) ஷீட்டில் படவே கூடாது, பட்ட இடம் நுண்விரிசல் விடும். கை எட்டும் இடத்தில் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தளராத நட்) போடுங்கள். ரப்பர் பிதுங்குமளவு இறுக்க வேண்டாம்.

பிட்லேன்: சரி அண்ணா. நடுவில் தாங்கல் வேண்டுமா?

டர்போ: கட்டாயம். வேகத்தில் காற்று ஷீட்டை உள்ளே அமுக்கும், உள்பக்கம் இரண்டு அலுமினியப் பட்டை நிறுத்துங்கள்.