மறு: நெட்வொர்க் ஸ்லைஸுக்குத் தமிழ் - வியாழனுக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். சமூக மன்றத்தில் மூத்தோருக்குத் திறன்பேசி வகுப்பு எடுக்கிறேன். சிங்கப்பூர்த் தேசிய தினத்தன்று பாடாங் திடலில் நின்று பேரனுக்கு வீடியோ கால் போட்டால் படம் ஏன் அப்படியே நின்றுவிடுகிறது என்று ஒரு அம்மா கேட்டார். கூட்டம் மொத்தமும் ஒரே டவரைப் பங்குபோடுகிறது, 5ஜியில் நேரலை எடுக்கிறவர்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவைக்க முடியும் என்றேன். அந்தப் பங்குதான் ஸ்லைஸ். கையேட்டில் 'துண்டு' என்று போட்டிருக்கிறேன், எனக்கே பிடிக்கவில்லை. வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது.

----

தம்பி, துண்டு வேண்டாம், அதற்கு ஏற்கனவே வேறு வேலை இருக்கிறது. நேரலைக் காணொளியைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் அனுப்புகிறார்கள். ஆப்பிளின் எச்எல்எஸ் என்ற காணொளி அனுப்பும் முறையில் துண்டுக்கு 6 வினாடி என்பது பரிந்துரை, மூன்று துண்டு சேர்ந்த பிறகு ஓடத் தொடங்கினால் அங்கேயே 18 வினாடி போச்சு. கீழே காப்பிக்கடையில் 'கோல்!' என்று கத்தி நாற்காலியைத் தள்ளுகிற சத்தம் கேட்கும், என் கைப்பேசியில் பந்து இன்னும் நடுத்திடலில் உருண்டுகொண்டிருக்கும். 5ஜி வந்தும் இதே கதைதான், தாமதத்தில் பெரும்பகுதி அலையில் இல்லையே. 'தாமதமே இல்லாத நேரலை' என்று எங்காவது எழுதியிருந்தால் முதலில் அதை அடியுங்கள்.

----

வலைச்சீவல்?

----

சீவல் என்றால் வகுப்பில் பாதிப் பேர் வெற்றிலை கேட்பார்கள்.

நல்ல சொல் ஒன்று சும்மா கிடக்கிறது: வகிர். நீளவாக்கில் பிளப்பது வகிர்தல். தலையில் எடுக்கிற வகிடு இதன் உறவு. மணிவாசகர் கண்ணுக்கு உவமை சொன்னது மாவடு வகிரைத்தான். துண்டு குறுக்கே விழுவது, வகிர் நெடுக ஓடுவது. கைப்பேசி வலைகளுக்குத் தரம் வகுக்கிற 3ஜிபிபி அமைப்பின் 15ஆம் வெளியீட்டில் வருகிற ஸ்லைஸும் கைப்பேசி அலையிலிருந்து நிறுவனத்தின் மையவலை வரை நெடுக ஓடுகிறது. வகிடு எடுத்ததால் தலை இரண்டாகிவிடுவதில்லை, இங்கும் வலை ஒன்றுதான். வகு, வகை, வகிர் எல்லாம் ஒரே குடும்பம், நீங்கள் எடுக்கிற வகுப்பும் அதே வேர்தான். ஆகவே 'வலைவகிர்'.

----

ஐயா, அழகான சொல், மறுக்கவில்லை. இன்று காலை என் உயர்நிலை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். "வயிறா டீச்சர்?" என்றார்கள். மூத்தோர் வகுப்பில் காதும் கொஞ்சம் மந்தமாக இருக்கும். 'தனித்தடம்' என்று போடுங்கள், பேருந்துத் தடம் எல்லாருக்கும் தெரியும்.

----

அம்மா, பேருந்துத் தடம் பேருந்து வராவிட்டாலும் காலியாகக் கிடக்கும். ஸ்லைஸில் சும்மா கிடக்கிற பங்கை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளும்படி அமைக்கலாம். உவமை அங்கே உடைகிறது.

----

உடையவில்லை, ஐயா. சாதாரணப் பேருந்துத் தடத்தில் காலை 7.30 முதல் 9.30, மாலை 5 முதல் 8, அதுவும் வார நாளில் மட்டும்தான் மற்ற வண்டிகளுக்குத் தடை. மற்ற நேரம் நான் அதில்தான் ஓட்டுகிறேன்.

----

புதன் இரவு ஆகிவிட்டது. தனித்தடத்துக்கு நாலு பேர், வகிருக்கு ஐயா ஒருவர், சீவல் சொன்னவரைக் காணோம். தனித்தடம் போகிறது. 'தாமதமே இல்லாத' இருந்தது, அடித்துவிட்டேன்.

----

எனக்கு உடன்பாடில்லை, பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். அடைப்புக்குறிக்குள்ளாவது வகிர் இருக்கட்டும். அப்புறம், பஃபரிங்குக்கு, அதாவது ஓடுமுன் காணொளியைச் சேர்த்துவைப்பதற்கு, என்ன போட்டிருக்கிறீர்கள்? 'இடையகம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.