ஆச்சி வீட்டுப் பேரப்பிள்ளைகள்

நிலா: எல்லாரும் பதில் சொல்லுங்கோ. ஓகஸ்ட் விடுமுறைக்குப் பார்க்கில தங்கிற கரவன் (வண்டி வீடு) இன்றைக்கே புக் பண்ணவேணும், இல்லாட்டி போயிடும். மூன்று எடுத்தால் எல்லாரும் கொள்ளும்

சுதா: நாங்கள் இந்த முறை வரேல்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ

நிலா: ஏன் சித்தி?? உங்கட அபி என்னிடம் நாளுக்கு நாள் கேட்கிறான்

சுதா: சக்கர நாற்காலி போகிற கரவன் அங்க ஒன்றே ஒன்றுதான். மற்றதைவிட விலை கூட. ரூபனுக்கும் வேலை மணித்தியாலம் குறைச்சிட்டாங்கள். பார்ப்பம்

குமார் மாமா: சாதாரணக் கரவனே எடுங்கோ. அபியை நான் தூக்கிறன்

ரூபன்: மாமா அவனுக்கு 11 வயது

நிலா: மாமா உங்கட முதுகு 😂

சுதா: தூக்கிறது மட்டும் இல்லை மாமா. அந்தக் கதவால நாற்காலி போகாது. ரொய்லெற்றில அவனைப் படுக்க வைச்சு உடுப்பு மாற்ற இடமில்லை. போன முறை கடற்கரை ரொய்லெற் நிலத்தில துவாயை விரிச்சுத்தான் மாற்றினனான். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தவன். திரும்ப அப்படிச் செய்யமாட்டன்

ராஜி அக்கா: சுதா நீ ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை. எல்லாரும் வடிவா வாசியுங்கோ. பமிலி ஃபண்ட் என்று உதவிக்காசு குடுக்கிற அமைப்பு ஒன்று இருக்கு, 17 வயதும் அதற்குக் கீழும் உள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வளர்க்கிற, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு. குடும்பமாக விடுமுறை போகவும் கேட்கலாம், கடன் இல்லை, திருப்பிக் கட்டத் தேவையில்லை. ஆனால் கேட்டதெல்லாம் தருவாங்கள் என்றில்லை, அவங்களிடம் உள்ள காசைப் பொறுத்தது. அதால முதலில விண்ணப்பம், பிறகுதான் புக்கிங். காசைக் கட்டிப்போட்டுக் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். இரண்டாவது, கவுன்சிலின்ர ‘ஷோர்ட் பிரேக்ஸ்’. இங்கிலாந்தில 2011 விதிப்படி பராமரிக்கிற பெற்றோருக்கு ஓய்வு கிடைக்கக் கவுன்சில் வழி செய்யவேணும், என்ன தருகினம், ஆருக்கு என்று இணையத்தில எழுதி வைக்கவும் வேணும். அது முழு விடுமுறைக் காசு இல்லை, அபியை ஒரு நாள் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தாலே பெரிய விஷயம். மூன்றாவது ரெயில்...

குமார் மாமா: ராஜி, மூச்சு விடு

பெரியப்பா: இதெல்லாம் தர்மக் காசு. எங்கட குடும்பத்தில ஒருத்தரும் வெளியில கை நீட்டினதில்லை

ராஜி அக்கா: வெளியில நீட்டேல்லைதான் பெரியப்பா. உள்ளுக்க சீட்டுக் காசு போன கதை அப்பாவிடம் கேளுங்கோ

நிலா: 🙈

பெரியப்பா: அது முடிஞ்ச கதை. குடும்பமாகச் சேர்த்துக் குடுப்பம் என்றுதான் சொல்லுறன்

குமார் மாமா: நான் 50 பவுண்

நிலா: அது கதவுக்குக் கூடக் காணாது மாமா

ரூபன்: வேண்டாம். நாங்கள் பார்ப்பம்

பெரியப்பா: இல்லாட்டி ஊருக்குப் போங்கோவன். ஓகஸ்ட்டில நல்லூர்த் திருவிழா வரும். அங்க ஆளுக்காள் தூக்குவினம்

சுதா: பெரியப்பா, அவனை ஆளுக்காள் தூக்கிறதுதான் எனக்கு வேண்டாம். அவனுக்கும்

ராஜி அக்கா: ஊருக்குப் போறதென்றால் நாற்காலிக்கு விமானத்தில தனிக் காசு இல்லை, ஆனால் 48 மணித்தியாலத்துக்கு முதல் சொல்லவேணும். அபிக்கு வாற மாற்றுத்திறனாளி உதவிப்பணம் டிஎல்ஏயும், வெளிநாட்டில நின்றாலும் வழமையாக 13 கிழமை வரை நிற்பாட்டமாட்டினம். ரெயில் கதையை முடிக்கிறன். மாற்றுத்திறனாளி ரெயில்கார்ட் அபியின்ர பெயரில எடுத்தால், 5 முதல் 15 வயதுப் பிள்ளைக்குச் சிறுவர் கட்டணம்தான், அதில கழிவில்லை. கூடப்போற பெரிய ஆள் ஒருவருக்கு மூன்றில ஒரு பங்கு குறையும்

குமார் மாமா: நான்தான் கூடப்போற ஆள். தூக்கவும் மாட்டன் 😌

ரூபன்: காரிலதான் போறம்

சுதா: அக்கா அந்த பார்க்கில சேஞ்சிங் பிளேசஸ் ரொய்லெற் இருக்கா? ஆளைத் தூக்கிற ஹோய்ஸ்ற்றும் பெரிய ஆள் படுக்கக்கூடிய பெஞ்சும் உள்ளது. சும்மா நாற்காலிப் படம் ஒட்டின கதவு இல்லை

ராஜி அக்கா: அதற்கென்று தனி வரைபடமே இருக்கு. பார்த்துப் போடுறன். டிஎல்ஏ கடிதத்தைப் படம் எடுத்து எனக்குத் தனியா அனுப்பு, குழுவில போடாதை

சுதா: ரூபன் கடிதம் எங்க

ரூபன்: லொஃப்ற்றில இருக்கவேணும்

நிலா: அப்ப கரவன் இரண்டா மூன்றா??

ராஜி அக்கா: மூன்றாவதை இன்னும் எடுக்காதை. பார்க்கிற்குப் போன் அடிச்சுக் கேள், காசு கட்டாமல் பிடிச்சு வைப்பாங்களா என்று

பெரியப்பா: ஆச்சியின்ர திவசம் ஓகஸ்ட்டில எத்தினையாம் தேதி? அதை ஒருத்தரும் பார்க்கேல்லை

குமார் மாமா: ஐயரைக் கேட்கவேணும்

நிலா: கடவுளே. தேதியும் மாறுமா இப்ப??