எடுத்துக் கொடுப்பவர் யார்? பழைய பிரிட்டிஷ் டிவி நகைச்சுவை ஜோடிகள்: ரசிகர்கள் பலரின் அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு * குறிக்குப் பிறகும் வேறொருவர் பேசுகிறார்)

மோர்கம்–வைஸ், டூ ரோனீஸ், குக்–மூர் என்ற மூன்று ஜோடிகளையும் ஒரே தராசில் நிறுத்தி 'யார் பெரிய ஆள்' என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சிரிக்க வைப்பவரை விட்டுவிட்டு, அவருடைய ஜோக்குக்குத் தோதாக வசனம் எடுத்துக் கொடுப்பவரைக் கவனியுங்கள். மூன்றும் வெவ்வேறு தொழில் என்பது பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

எரிக் மோர்கமும் எர்னி வைஸும் 1941இலிருந்தே மேடை ஜோடி. பாட்டும் வித்தையும் நகைச்சுவையும் கலந்த வெரைட்டி அரங்குகளின் பழைய கணக்குதான்: ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர் கோமாளித்தனம் பண்ணுவார். அதையே நம்பி 1954இல் டிவிக்கு வந்த 'ரன்னிங் வைல்ட்' படுதோல்வி. 1969இல் பிபிசியில் எடி பிரேபென் எழுத வந்தபோதுதான் கணக்கு மாறியது. அவர் எர்னியைக் கஞ்சனாக, தன்னை மகா நாடகாசிரியராக நினைத்துக்கொள்ளும் ஆளாக ஆக்கினார். எரிக் அவரை ஓயாமல் கிண்டல் செய்வார். வெளியாள் யாராவது எர்னியைத் தொட்டால் மட்டும் விடமாட்டார். இப்போது இரண்டு பேரிடமும் சிரிப்பு இருக்கிறது. இருவரும் ஒரே கட்டிலில் படுத்துப் பேசும் காட்சிக்கு முதலில் அவர்கள் சம்மதிக்கவில்லை. பழைய ஹாலிவுட் நகைச்சுவை ஜோடி லாரலும் ஹார்டியும் செய்ததுதானே என்று பிரேபென் கேட்ட பிறகே ஒப்புக்கொண்டார்கள்.

*

மேலே சொன்னதோடு மூன்றாவது ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: விருந்தினர். மோர்கம்–வைஸின் 1971 கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் இசை நடத்துநர் ஆந்த்ரே பிரெவின் வந்த காட்சி. இசையமைப்பாளர் கிரீக்கின் பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எரிக் கன்னாபின்னாவென்று வாசிக்கிறார். எல்லாம் தப்பான சுரம் என்கிறார் பிரெவின். எரிக் எழுந்து அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு, சரியான சுரங்கள்தான், சரியான வரிசையில்தான் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை என்கிறார். எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த வரி.

ஆனால் காட்சி உயிர் பெறுவது அதற்கு முன்பே. இசைக்குழுவை நடத்தும் தன் கோலை எடுத்து வருகிறேன் என்கிறார் பிரெவின். சரி என்று தலையாட்டியதும், ஒரு மூச்சு விட்டு, "அது சிகாகோவில் இருக்கிறது." முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எரிக் உடனே கையை வீசி, ஆள் தேறிவிட்டார், எனக்குப் பிடித்துவிட்டது என்று துள்ளுகிறார். ஒத்திகைக்கு அதிக நேரம் இல்லாமல், விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சியில் வசனம் படித்தவர் பிரெவின்.

இதே காட்சியை 1963இல், வேறு சேனலில், இதே ஜோடி செய்திருக்கிறது. அதில் எர்னிதான் இசை நடத்துநர். சிரிப்பு வருகிறது, ஆனால் பாதிதான். எர்னி கோலைப் பிடித்தால் அது வேஷம் என்று எல்லோருக்கும் தெரியும். 1971இல் வந்த பிரெவினோ அப்போது லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் தலைமை நடத்துநர். நிஜமான கௌரவம் ஒன்று மேடையில் நின்றால்தான் அதை இடிக்க முடியும்.

*

ரோனி பார்க்கரும் ரோனி கார்பெட்டும் ஜோடியே இல்லை என்பது என் கட்சி. 1971 முதல் 1987 வரை 'டூ ரோனீஸ்' நிகழ்ச்சியைச் சேர்ந்து செய்தார்கள்; நடுவில் பார்க்கருக்கு 'பாரிட்ஜ்', கார்பெட்டுக்கு 'சாரி!' என்று தனித்தனித் தொடர்களில் வெற்றிகள். இவர்களில் நிரந்தர முட்டாளும் கிடையாது, நிரந்தர அறிவாளியும் கிடையாது. ஆங்கில மொழிதான் குற்றவாளி.

1976 செப்டம்பர் 4 அன்று வந்த 'ஃபோர் கேண்டில்ஸ்' (நான்கு மெழுகுவத்தி) காட்சி இதற்கு நல்ல சான்று. உழைப்பாளிகளின் ஆங்கிலப் பேச்சில் சொல்லின் முதலில் வரும் 'ஹ' விழுந்துவிடும். 'ஹேண்டில்' என்பது 'ஏண்டில்' ஆகும். ஹார்டுவேர் கடையில் பார்க்கர் கேட்பது மண் கிளறும் ஃபோர்க்குக்குப் பிடி, 'ஃபோர்க் ஏண்டில்ஸ்'. கார்பெட் காதில் விழுவது நான்கு மெழுகுவத்தி. பிறகு 'ஓஸ்': களைக்கொத்தியா (ஹோஸ்), ரப்பர் குழாயா (அதுவும் ஹோஸ்) என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, கடைசியில் பார்த்தால் கேட்டில் ஒட்டும் 'ஓ' எழுத்து. அடுத்ததாக 'பீஸ்' என்றதும், 'பீ' எழுத்து என்று நினைத்த கார்பெட், அதையும் அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா என்று முனகிக்கொண்டே எழுத்துப் பெட்டியை மறுபடி எடுத்து வருகிறார். கேட்டது டின்னில் அடைத்த பட்டாணி (ஆங்கிலத்தில் அதுவும் 'பீஸ்').

ஒவ்வொரு தப்பும் முந்தைய தப்பிலிருந்து கற்ற பாடத்தால் நேர்வது என்பதைப் பாருங்கள். வெறும் சிலேடை வரிசையாக இருந்திருந்தால் நாலாவதில் சலித்திருக்கும். பார்க்கர் குரலை உயர்த்தவே இல்லை; வாடிக்கையாளர் வேண்டுமென்று சீண்டுகிறார் என்ற சந்தேகம் ஒரு நொடி வந்தாலும் காட்சி செத்துவிடும். இதை எழுதியவர் 'ஜெரால்ட் வைலி', அதாவது பார்க்கரேதான். தன் பெயரில் கொடுத்தால் தாட்சண்யத்துக்காக எடுத்துக்கொள்வார்கள் என்று புனைபெயரில் எழுதினார்.

*

பார்க்கரும் கார்பெட்டும் ஜோடி இல்லை என்றால், 'மாஸ்டர்மைண்ட்' என்ற டிவி வினாடிவினாவைக் கிண்டல் செய்த அவர்களின் 1980 காட்சியை எந்தக் கணக்கில் வைப்பீர்கள் ஐயா? டேவிட் ரென்விக் எழுதியது. கேள்வி கேட்பவர் பார்க்கர். பதில் சொல்லும் கார்பெட் எப்போதும் ஒரு கேள்வி பின்னால் இருப்பார். பிரபுக்களின் பெயர்ப் பட்டியல் நூல் எது என்று கேட்டால், அதற்கு முந்தைய கேள்விக்கான (தொல்லுயிரியல் என்றால் என்ன) விடை வருகிறது: "பழைய புதைபடிவங்களைப் பற்றிய படிப்பு." கிழடுகளையும் ஆங்கிலத்தில் அப்படிக் கிண்டல் செய்வார்கள். ஒரே பதில் இரண்டு பூட்டையும் திறக்க வேண்டும். ஒருவர் அரை நொடி தடுமாறினாலும் பார்ப்பவர்களுக்கு எந்தக் கேள்வி எந்த விடை என்று தப்பிவிடும். இதைத் தனித்தனி ஆட்களால் செய்ய முடியாது.

*

பீட்டர் குக், டட்லி மூர் பக்கம் யாரும் வரவில்லையே. 1965இல் பிபிசி 2இல் தொடங்கிய 'நாட் ஒன்லி பட் ஆல்ஸோ'வில் பீட்–டட் என்று தொப்பியும் மழைக்கோட்டும் போட்ட இரண்டு பேர். பீட்டுக்கு எல்லாம் தெரியும், எல்லாமே தப்பாக. டட் பயபக்தியோடு கேட்டுக்கொள்வார். இருவரும் டேப் ரெக்கார்டர் முன்னால் வாய்க்கு வந்ததைப் பேசி, அதை எழுத்தாக்கிச் சுருக்குவார்கள். பதிவு நடக்கும்போது குக் அதில் இல்லாத ஒன்றை நுழைப்பார். மூரைச் சிரிக்க வைப்பதுதான் நோக்கம். ஓவியக்கூடக் காட்சியில் மூர் வாயில் சாண்ட்விச்சோடு படும் பாடு நடிப்பல்ல.

இதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் பொய்யாகச் சிரிப்பை அடக்கிக் காட்டினார்கள். அது எடுபடாது. மூர் தோற்காமல் இருக்க உண்மையாகவே போராடினார், அதனால்தான் நமக்குச் சிரிப்பு.

ஒப்பிடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். இந்தத் தொடரின் டேப்களில் பெரும்பகுதியை பிபிசி அழித்துவிட்டது. பணம் தருகிறேன் என்று குக் கேட்டும் கொடுக்கவில்லை. மிஞ்சியதை வைத்துத்தான் தீர்ப்பு சொல்கிறோம்.

*

பீட்–டட் வழியில் பின்னால் வந்த நகைச்சுவை ஜோடி மெல் ஸ்மித், கிரிஃப் ரீஸ் ஜோன்ஸ். இருவரும் நேருக்கு நேர் பேசும் காட்சிகளைப் பாருங்கள். இரண்டு முகங்கள் பக்கவாட்டில், மூக்குக்கு மூக்கு, கறுப்புப் பின்னணி. கேமரா அசையாது. அவ்வளவு நெருக்கத்தில் கண்ணிமையும் வசனம்.

*

எர்னி வைஸின் திறமையை இன்னும் சந்தேகப்படுகிறவர்கள் மோர்கம்–வைஸின் 1976 காலை உணவுக் காட்சியை முதலில் சத்தத்தை அடைத்துப் பாருங்கள்: இரண்டு பேர் சமையலறையில் டோஸ்ட் போடுகிறார்கள், பழம் அறுக்கிறார்கள், ஃபிரிட்ஜிலிருந்து சாசேஜ் சரத்தை இழுக்கிறார்கள். பிறகு சத்தத்தோடு: ஆடை களையும் ஆட்டத்துக்குப் பேர்போன 'தி ஸ்ட்ரிப்பர்' இசைக்குக் கத்தியும் கதவும் தாளம் தப்பாமல் விழுகின்றன. வசனமே கிடையாது, எடுத்துக் கொடுப்பவரும் கிடையாது.

எரிக்கின் காகிதப்பை வித்தையையும் சொல்லிவிடுகிறேன். பையின் விளிம்பைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடிக்க வேண்டும். மறு கையால் இல்லாத பொருளை மேலே எறிந்து, கண் அதைத் தொடர்ந்து ஏறி, இறங்க வேண்டும். கண் பையின் வாய்க்கு வரும் அதே நொடியில் விரலைச் சொடுக்கினால், விரல் காகிதத்தில் பட்டுப் பொருள் விழுந்த சத்தம் கேட்கும், பையும் குலுங்கும். அநேகர் தப்பு செய்வது கண்ணில்: சொடுக்கிய பிறகு கீழே பார்ப்பார்கள். மொடமொடப்பான காகிதப் பைதான் வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக்கில் அந்தச் சத்தம் வராது.